ஏட்டைக் காத்தவர் கதையில் எங்கே?

கதைகளிலும் திரைப்படங்களிலும் மக்கள் வாயில் வழங்கும் வரலாறுகளிலும் நூலகர் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறார் என்பதே இன்றைய உரையின் பொருள். நூலகர் என்னும் சொல் இங்கே அரசு ஊதியம் பெறும் பணியாளரை மட்டும் குறிக்கவில்லை. பிறர் படிப்பதற்காக நூலைச் சேர்த்தும் காத்தும் எடுத்துக் கொடுத்தும் வந்த எவரையும், அவர் ஓலைச்சுவடிக் காலத்தவராயினும் கணினிக் காலத்தவராயினும், அச்சொல் குறிக்கும்.

நூலகர் என்றதும் மனத்தில் எழும் உருவம் எது? மூக்கின் நுனியில் கண்ணாடி, முகத்தில் கடுகடுப்பு, உதட்டின்மேல் ஒரு விரல். மேசைமேல் 'அமைதி காக்கவும்' என்றொரு பலகை, அந்தப் பலகையே உயிர்பெற்று எழுந்து உட்கார்ந்தாற்போல் மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர். தமிழ்த் திரைப்படம் நூலகத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் காதலுக்காகவே நுழைகிறது: இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நாயகன், உருவிய நூல் விட்ட இடைவெளியில் நாயகியின் கண்கள், கீழே விழும் புத்தகம், குனிந்து எடுக்கும்போது முட்டிக்கொள்ளும் தலைகள். அந்தக் காட்சியில் நூலகருக்குக் கிடைப்பது ஒரு 'உஷ்' மட்டுமே, அதுவும் அரங்கைச் சிரிக்க வைப்பதற்காக.

மேலை நாட்டார் இதில் எவ்வகையிலும் மேம்பட்டவர் அல்லர். 1946இல் வெளிவந்து இன்றளவும் கிறிஸ்துமஸ்தோறும் பார்க்கப்படும் 'இட்ஸ் எ வொண்டர்புல் லைஃப்' என்னும் அமெரிக்கப் படத்தில், நாயகன் பிறவாமலே போயிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று ஒரு தேவதை அவனுக்குக் காட்டுகிறது. தம்பி இறந்திருப்பான், ஊர் பேராசைக்காரச் செல்வர் ஒருவர் கையில் சிக்கியிருக்கும், இவை எல்லாவற்றுக்கும் மேலான கொடுமையாக, அவன் மனைவி மணமாகாமல் கண்ணாடி அணிந்து நூலகராகியிருப்பாள்! ஒரு பெண் நூலகரானதை ஊழியின் அடையாளமாகக் கருதி ஒரு படம் அஞ்சியது என்றால், அந்த அச்சத்தைப் பார்வையாளர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அப்பணியைப் பற்றிய பொதுக்கருத்து எந்நிலையில் இருந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்ட ஹாரி பாட்டர் நாவல்களில் வரும் மேடம் பின்ஸ், மாணவரைக் கண்டாலே சீறுகிறார். உம்பர்த்தோ எக்கோவின் 1980ஆம் ஆண்டு நாவலான 'ரோஜாவின் பெயர்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே மடத்து நூலகத்தின் மறைபொருளைக் கட்டுப்படுத்தும் பார்வையற்ற முதிய துறவி, நகைச்சுவையைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியதாகக் கருதப்படும் ஏட்டை எவரும் படித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் பக்கங்களில் நஞ்சு தடவி வைக்கிறார். அத்துறவியின் பெயர் ஹோர்ஹே. பார்வை மங்கிய நிலையில் அர்ஜென்டினாவின் தேசிய நூலக இயக்குநராகப் பணியாற்றிய எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹேயை நினைவில் வைத்தே எக்கோ அப்பெயரைச் சூட்டினார். உலகம் மதித்த ஒரு நூலகருக்குச் சக எழுத்தாளர் செய்த மரியாதை, அவரைக் கொலையாளியாக்கியது!

ஏன் இப்படி? நூலகர்கள் இயல்பிலேயே கடுமையானவர்களா, அல்லது கதை சொல்பவர்களுக்கு அவர்களிடம் ஏதேனும் பகையா? இக்கேள்விக்கு விடை தேட வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏழு மதில்கள் சூழ்ந்த திருவரங்கத்தில், விடை எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளாகக் கதைகளாக வழங்கிவருகிறது.

வைணவ ஆசாரியர்களின் வரலாற்றைச் சொல்லும் குருபரம்பரை நூல்கள் தரும் செய்தி ஒன்றை முதலில் காணலாம். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுத எண்ணிய இராமானுசர், போதாயனர் இயற்றிய பழைய விருத்தியுரையைக் காண வேண்டி, சீடர் கூரத்தாழ்வானுடன் திருவரங்கத்திலிருந்து காசுமீரத்துச் சாரதா பீடம்வரை நடந்தார். ஏடு கிடைத்தது, ஏட்டோடு தெற்கு நோக்கித் திரும்பினார்கள். சில நாள் கழித்து அங்குள்ளோர் தங்கள் நூல் இருப்பைச் சோதித்தபோது அந்த ஏடு இல்லாததைக் கண்டு, விரட்டி வந்து, வழியிலேயே அதைப் பறித்துச் சென்றார்கள் என்று ஒரு மரபு கூறுகிறது. இராமானுசர் கலங்கி நின்றபோது, இரவுதோறும் ஆசாரியர் துயின்ற பின் விளக்கொளியில் ஏடு முழுவதையும் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டதாகக் கூரத்தாழ்வான் சொன்னார். திருவரங்கத்தில் ஸ்ரீபாஷ்யம் உருவாயிற்று.

இந்தக் கதையில் நாயகர் யார்? படித்தவர். பகைவர் யார்? இருப்பைச் சோதித்தவர், ஏடு குறைகிறது என்று கண்டவர், அதைத் தேடிப் புறப்பட்டவர். நூலகப் பணியாளர் அனைவரும் ஆண்டுக்கு ஒருமுறை முதுகொடியச் செய்யும் வேலைக்கு 'நூல் இருப்புச் சரிபார்ப்பு' என்று பெயர். அவ்வேலையைச் செம்மையாகச் செய்தவர்களைத்தான் இக்கதை பழிக்கிறது. கதை கேட்கும் எவரும் அவர்கள் பக்கம் நிற்பதில்லை. நிற்கவும் முடியாது, ஏனெனில் கூரத்தாழ்வானின் நினைவாற்றல் வெளிப்பட வேண்டுமானால் ஏடு பறிபோயே ஆக வேண்டும்.

அதே மரபு மற்றொரு சித்திரத்தையும் வைத்திருக்கிறது என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. சாரதா பீடத்தில் கலைமகளே இராமானுசரை வரவேற்று, அவர் உரையைப் போற்றி, பாஷ்யகாரர் என்னும் பெயரும் அயக்கிரீவர் திருவுருவமும் அளித்தாள் என்றும் சொல்லப்படுகிறது. அயக்கிரீவர் என்பவர் குதிரை முகம் கொண்ட திருமால்; களவுபோன வேதங்களை மீட்டவர் என்பது புராணம். இனி வரலாற்றுக்கு வந்தால், இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு போசளர் ஆண்ட 13ஆம் நூற்றாண்டில், பாலபள்ளி நீலகண்ட நாயகர் என்பவர் திருவரங்கம் கோயிலில் சரசுவதி பண்டாரம் ஒன்றை அமைத்து, அங்கே அயக்கிரீவர், கலைமகள், வியாசர் ஆகியோர் உருவங்களை நிறுவிய செய்தியைக் கல்வெட்டு தருகிறது. சரசுவதி பண்டாரம் என்பது சுவடிகளைச் சேர்த்து வைக்கும் கருவூலம், அதாவது அக்காலத்து நூலகம். எழுதியவருக்கு வியாசர், மீட்டவருக்கு அயக்கிரீவர், அருள்பவளாகக் கலைமகள். மூவர்க்கும் இடம் கிடைத்தது. தூசு தட்டியவருக்கு?

அவருக்கும் ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. கன்னட நாட்டு நாகை என்னும் ஊரின் 1058ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கிருந்த கடிகை என்னும் உயர்கல்விக் கூடத்தின் மாணவரையும் ஆசிரியரையும் எண்ணிச் சொல்லும்போது, சரசுவதி பண்டாரிகர் அறுவரையும் ஆசிரியர்களோடு சேர்த்துச் சொல்கிறது. ஆசிரியரும் அறுவர், நூலகரும் அறுவர். இன்றைய கல்லூரி நிருவாகங்கள் இந்த விகிதத்தைக் கேட்டால் மயங்கி விழும்.

கல்வெட்டு எண்ணியது, கதை எண்ணவில்லை. இதுதான் இவ்வுரை தொடர்ந்து பற்றிச் செல்லும் நூல்.

காவிரிக்கரையில் வளர்ந்த மற்றொரு கதையைக் காணலாம். திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி உரையைப் படி எடுப்பதற்காக வைணவ ஆசாரியர் நஞ்சீயர் நம்பூர் வரதராசரிடம் கொடுத்தார். படி எடுத்தல் என்பது மூல ஏட்டைப் பார்த்து மறு ஏடு எழுதுதல். வரதராசர் ஏட்டுக் கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடந்தபோது வெள்ளம் அதை அடித்துச் சென்றது. மூலமும் போயிற்று, படியும் இல்லை. அவர் கேட்டதை நினைந்து முழுவதையும் எழுதினார்; எழுதியது ஆசிரியர் எழுதியதைவிட இடையிடையே சிறந்திருக்கக் கண்டு, நஞ்சீயர் அவரை 'நம்பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். இரவல் வாங்கிய நூலைத் தொலைத்தவரை மரபு கொண்டாடுகிறது, அவர் தொலைத்ததினும் நல்லதைத் திருப்பித் தந்தார் என்பதற்காக.

அந்த நம்பிள்ளையே பின்னர் ஏட்டைப் பூட்டி வைப்பவராகவும் ஆனார் என்பதுதான் இதிலுள்ள சுவை. அவர் திருவரங்கத்தில் பகலில் சொன்ன விரிவுரையை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதி வைத்தார். ஏட்டைப் பார்த்த நம்பிள்ளை உரையின் அழகை மெச்சினாலும், தம் இசைவின்றி எழுதியதைக் கடிந்து, அதை வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவரிடம் அது சேர்ந்தது. அவர் வழியில் ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்னும் முறையில், வெளியார் கண்படாமல், தலைமுறைகளைக் கடந்தது. திருவாய்மொழிப் பிள்ளையிடம் கற்ற மணவாள மாமுனிகள்தாம், 15ஆம் நூற்றாண்டில், திருவரங்கத்தில் பெருமாள் திருமுன்பு ஓராண்டு முழுவதும் ஈடு என்று பெயர்பெற்ற அந்த உரையை எல்லோரும் கேட்க விரித்துரைத்தார். மாமுனிகளின் அந்த ஓராண்டை வைணவ உலகம் இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறது. நடுவிலிருந்த தலைமுறைகளில் அந்த ஏட்டைக் கரையானுக்கும் படையெடுப்புக்கும் தப்ப வைத்திருந்தவர்களை எவர் கொண்டாடுகிறார்? அவர்கள் ஒருவர் தவறியிருந்தாலும் மாமுனிகளுக்கு விரித்துரைக்க ஏடு இருந்திருக்காது.

கரையான் பெயர் வந்ததால் தில்லையையும் தொட்டுச் செல்ல வேண்டும். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டியிருந்ததும், பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாது என்று தில்லைவாழ் அந்தணர் மறுத்ததும், அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறந்து பார்த்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்ததும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு. பூட்டியவர் இங்கும் தடையாளர்; அரசனும் அவனுக்குத் துணைநின்ற நம்பியாண்டார் நம்பியும் மீட்பர்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களிடம் நினைவிலிருக்கும் நிகழ்ச்சி எது என்று கேட்டால், கரிவலம்வந்தநல்லூரில் பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டார்கள் என்று அவர் கேட்டுத் துடித்ததைத்தான் பலரும் சொல்வார்கள். அதே நூலில், திருநெல்வேலியில் கவிராஜ ஈசுவரமூர்த்திப் பிள்ளையின் வீட்டில் சுவடிகளைக் கட்டுக் கட்டாக, ஒழுங்கும் தூய்மையுமாக அடுக்கி வைத்திருந்த அழகைக் கண்டு அவர் வியந்து நின்ற பகுதியும் இருக்கிறது. அதை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? தீ நினைவில் நிற்கிறது, அடுக்கு மறந்துபோகிறது. ஆனால் அவருடைய பத்துப்பாட்டுப் பதிப்புக்கு உதவியது தீயன்று. அந்த வீட்டு அலமாரி.

இப்போது விடை தெளிவாகிறது. கதைக்கு இழப்பு வேண்டும். ஏடு தொலைய வேண்டும், வெள்ளம் வர வேண்டும், கதவு பூட்டியிருக்க வேண்டும், தீ எழ வேண்டும். அப்போதுதான் ஒருவர் தேடவும் மீட்கவும் இயலும். நூலகரின் தொழிலோ அந்த இழப்பு நேராமல் பார்த்துக்கொள்வது. வேலை செம்மையாக நடந்தால் நிகழ்ச்சியே இல்லை. நிகழ்ச்சி இல்லையென்றால் கதை இல்லை. ஆகவே அவர் கதைக்குள் வருவதற்கு இரண்டே வழிகள் எஞ்சுகின்றன: கதவை அடைத்து நிற்பவராக வரலாம், அல்லது வராமலே இருக்கலாம்.

எனினும், கதவை அடைத்து நிற்பவர் என்னும் சித்திரம் முற்றிலும் கதைக்காரரின் கற்பனை என்று சொல்வது நேர்மையாகாது. 19ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு நூலகராயிருந்த ஜான் லாங்டன் சிப்லியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது: வளாகத்தில் மகிழ்ச்சியோடு விரைந்துகொண்டிருந்தவரை வழிமறித்துக் கேட்டபோது, நூல்கள் அனைத்தும் திரும்பிவிட்டன, ஒன்று மட்டும் பேராசிரியர் அகாசிசிடம் இருக்கிறது, அதை வாங்கத்தான் போகிறேன் என்றாராம். எல்லா நூல்களும் அலமாரியில் இருக்கும் நாளே அவருக்குத் திருநாள். இந்த மனநிலைக்குக் காரணம் குணக்கேடு அன்று, கணக்கு. காணாமற்போன நூலுக்கு நூலகர் தம் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும் என்னும் அச்சம் இந்தியாவில் நெடுங்காலம் நிலவியது. அந்த அச்சத்தோடு மேசையில் உட்கார்ந்திருப்பவர் வாசகரைப் புன்னகையோடு வரவேற்பாரா, அவர் கைப்பையை உற்றுப் பார்ப்பாரா? மைய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் இரவல் தரப்பட்டோ பயன்படுத்தப்பட்டோ வரும் 1,000 நூல்களுக்கு 5 நூல்கள்வரை தொலைவது இயல்பே என்று ஏற்றுக்கொள்கின்றன. விதி ஏற்றுக்கொண்டதை மனம் ஏற்றுக்கொள்ள இன்னும் காலம் பிடிக்கும்.

இந்த மனநிலையை முதலில் உடைத்தவர், காவிரியின் கடைமடைப் பகுதியான சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் வாழ்க்கையே ஒரு திரைக்கதை. ஆனால் அவர் வரலாற்றைத் தமிழ்த் திரை இன்னும் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார், ஆனவுடனே அலுத்துப்போனார். பேசுவதற்கு ஆளில்லை, செய்வதற்கு வேலையில்லை; பழைய கல்லூரிக்கே ஓடி முதல்வரிடம் மீண்டும் வகுப்புக் கேட்டார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் முதல்வர். சென்றவர், குராய்டன் நகரப் பொது நூலகத்தில் குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் உள்ளே வந்து தாமே நூலெடுத்துச் செல்வதைக் கண்டார். திரும்பி வந்தவர் வகுப்பைக் கேட்கவேயில்லை.

இலண்டன் கடை ஒன்றில் விற்ற மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் அவர் கண்ணில் பட்டதும் அப்போதுதான். ஒரே உலோகத் துண்டுகளைத் திருகாணியால் வெவ்வேறு வகையில் பூட்டினால் வண்டியும் பாலமும் கிடைப்பதுபோல, ஒரு நூலின் பொருளையும் கூறுகளாகப் பிரித்து, வேண்டிய கூறுகளைக் குறியீட்டால் இணைத்து எண் தரலாம் என்று அவர் கண்டார். கூறுகளுக்கு நடுவே முக்காற்புள்ளி இடும் அம்முறை 1933இல் கோலன் பகுப்பு முறை என்ற பெயரில் வெளிவந்து உலக நூலகவியலின் போக்கை மாற்றியது. அதற்கு ஈராண்டு முன்பு, 1931இல், அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்னும் எளியவை, இன்னும் ஆழமானவை. நூல் இருப்பது பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது முதல் விதி. எந்த வாசகரும் தமக்குரிய நூலின்றித் திரும்பலாகாது, எந்த நூலும் தனக்குரிய வாசகரின்றிக் கிடக்கலாகாது, வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பன ஏனையவை. 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது, அவர் உழைப்பின் பயன். சொத்து வரியோடு இன்று திருச்சிக்காரர் ஒவ்வொருவரும் கட்டும் நூலக வரி அச்சட்டத்தின் வழி வந்தது.

ரங்கநாதன் 1967இல் கணித மேதை இராமானுசனின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்த மேதையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் படங்கள் வந்தன. வரட்டும், தகும், ஆயினும் வரலாறு எழுதிய நூலகரின் வரலாறு, ஆகஸ்டு 12ஆம் நாள் நூலகர் தினத்தன்று மாலையிடும் படத்தோடு நின்றுவிடுகிறது. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை 1931இல் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினாரே, அது ஒரு காட்சியாகாதா? வண்டி வரும் சத்தம் கேட்டுச் சிறுவர் ஓடிவர, களத்துமேட்டில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்க, மாடுகள் வைக்கோல் மெல்ல, இதைவிடத் திரைக்கு ஏற்ற காட்சி வேறென்ன வேண்டும்?

நிகழ்ச்சியே இல்லாத வேலை என்று மேலே சொல்லப்பட்டது. அது கதைக்காரரின் கண்ணுக்கு மட்டுமே உண்மை. ஒரு கிளை நூலகத்தின் காலை வேளையை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். கதவு திறந்ததும் நாளிதழ்கள் முத்திரையிடப்பட்டு மேசைக்கு வருகின்றன. புதிதாக வந்த நூல்களுக்குச் சேர்க்கை எண் இடப்படுகிறது. தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, களவாடுபவர் கிழிக்க நினையாத உட்பக்கம் ஒன்றில் மற்றொரு முத்திரை. பின்னட்டைக்குள் தேதிச் சீட்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மின்விசிறிக்குக் கீழுள்ள நாற்காலிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது ஒரு முதியவர் வந்து, சட்டப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்கிறார். எந்தச் சட்டம் என்றால் அவருக்குத் தெரியாது. உட்காரச் சொல்லி, மெல்லப் பேச்சுக் கொடுத்தால், அண்ணன் இறந்துவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஏதோ ஒரு சான்று கேட்கிறார்கள் என்பது வெளிவருகிறது. அவருக்கு வேண்டியது சட்டப் புத்தகமன்று. வாரிசுச் சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதைச் சொல்லும் நான்கு பக்கம். கேட்ட கேள்விக்கு அடியில் கிடக்கும் தேவையைத் தோண்டி எடுக்கும் இக்கலைக்கு நோக்கீட்டுப் பணி என்று பெயர். நூலகத்தின் மற்றப் பணிகள் எல்லாம் இதற்காகவே என்று ரங்கநாதன் கருதினார். துப்பறியும் கதையில் இதைச் செய்பவர் நாயகர். நூலகத்தில் செய்பவருக்குப் பெயர்கூட இல்லை.

இந்த வேலையைக் கண்டுகொண்ட படைப்புகள் உலகில் சில உண்டு. 1957இல் வந்த 'டெஸ்க் செட்' படத்தில், ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் நோக்கீட்டுப் பிரிவில் கேத்தரின் ஹெப்பர்னும் தோழியரும் தொலைபேசியில் வரும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டிருக்க, அவர்கள் இடத்தைப் பிடிக்க ஒரு மாபெரும் கணினி வந்து இறங்குகிறது. சம்பளப் பிரிவுக் கணினியோ தடுமாறி நிறுவனத் தலைவர் உட்பட அனைவருக்கும் பணிநீக்கச் சீட்டு அச்சடித்து விடுகிறது. இன்றைய நிலையில் அப்படத்தை மீண்டும் பார்ப்பது நல்லது. தமிழ் இளைஞர்கள் பெரிதும் போற்றும் 'ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' 1994இல் வந்தது. அதைச் சிறையிலிருந்து தப்பும் கதை என்று சொல்பவர்கள், நாயகன் ஆண்டி சிறை நூலகத்துக்கு நிதி கேட்டு வாரம் ஒரு கடிதம் வீதம் ஆறாண்டுகள் எழுதுவதை மறந்துவிடுகிறார்கள். ஆறாண்டுக்குப் பின் 200 டாலரும் பழைய நூல்கள் சில பெட்டிகளும் வருகின்றன; இனித் தொல்லை வேண்டாம் என்கிறது அரசு. அவனோ, இனி வாரம் இரண்டு கடிதம் என்று முடிவு செய்கிறான்! நூலகரின் பிடிவாதத்தை இவ்வளவு சரியாகக் காட்டிய காட்சி அரிது. அதைக் காட்டுவதற்கு ஒரு கைதி வேண்டியிருந்தான் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ் வாசகரிடம் மிகப் பரவிய நூல்களுள் ஒன்றான அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுக'ளிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு வருமுன், இராமேசுவரத்தில் சிறுவனாயிருந்த கலாம், விடுதலைப் போராட்டப் புரட்சியாளராயிருந்த எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்த நூல்களைக் கடன் வாங்கிப் படித்தார். மாணிக்கம் படிக்கப் படிக்க ஊக்கினார். ஏவுகணையைப் பற்றிப் பேசும் ஆயிரம் பள்ளி விழாக்களில் மாணிக்கத்தின் அலமாரியைப் பற்றிப் பேசிய விழாக்கள் எத்தனை?

யாழ்ப்பாணத்தைப் பேசாமல் இவ்வுரை முன்னே செல்ல இயலாது. 1933இல் கே.எம். செல்லப்பா தொடங்கிவைத்த முயற்சி வளர்ந்து, ரங்கநாதனின் ஆலோசனையோடும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தோடும் எழுந்து, 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31 நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்தது. எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' அந்த இரவைத் தமிழின் நிலையான நினைவாக்கிவிட்டது. தீயைப் பற்றிய கவிதை வந்தது, ஆவணப்படம் வந்தது. வந்தே ஆக வேண்டியவை அவை. ஆனால் 1933 முதல் 1981 வரை ஒவ்வொரு நூலாகக் கேட்டு வாங்கி, எண்ணிட்டு, அட்டை எழுதி அடுக்கிய கைகளைப் பற்றிய நாவல் ஒன்று கிடைத்தால், எரிந்தது எவ்வளவு என்பது இன்னும் ஆழமாக விளங்கும்.

இனி, இவ்வுரை நிகழும் திருச்சிக்கே திரும்பலாம். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் ரங்கு கடை எத்தனை முறை வருகிறது! கடைத்திண்ணையில் ஊர் வம்பும் கிரிக்கெட்டும் அரசியலும் பேசி முடிக்கப்படுகின்றன. ரங்கு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, கடையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்கிறார், ஒரு சொல் சொல்கிறார். அவ்வளவில் தமிழிலக்கியத்தில் சாகாத இடம் அவருக்குக் கிடைத்துவிட்டது. உட்கார்ந்தே இருக்கும் மனிதரிடம் கதை இராது என்னும் எண்ணத்தை ரங்கு ஒருவரே பொய்யாக்கிவிடுகிறார். உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி ஊர் நடக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த கண்தான் வேண்டும். ஒரு கடைக்காரருக்குக் கிடைத்த கண், திருச்சியின் ஒரு கிளை நூலகருக்கும் கிடைக்கட்டும்.

திருச்சியில் காமராசர் பெயரில் பெருநூலகம் ஒன்று அமையும் என்று அரசு அறிவித்திருக்கிறது. கட்டடத்தின் படம் நாளிதழில் வரும்; தளங்களின் எண்ணிக்கையும் நூல்களின் எண்ணிக்கையும் வரும். இங்கே அமர்ந்திருக்கும் எழுத விரும்பும் இளைஞர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் வாரத்தில் ஒருநாள் தங்கள் தெருவுக்கு அருகிலுள்ள கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ சென்று, உறுப்பினராகச் சேர்ந்து, கைப்பேசியில் விடை கிடைக்காத கேள்வி ஒன்றை நூலகரிடம் கேட்டு, அவர் எழுந்து எந்த அலமாரிக்குச் செல்கிறார், எந்த நூலை எடுக்கிறார், எடுக்குமுன் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் கவனித்து எழுதிக்கொண்டு வரட்டும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர்கள் தாங்கள் கண்டவற்றை அவர்களிடம் மறைக்காமல் சொல்லட்டும்.